தூரி பிந்திவிட்டான்

பலெர்மோ
27.02.2025, வியாழக்கிழமை

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் செலஸ்ரீனா எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் இந்தக் குளிருக்குச் சொல்வழி கேட்கவில்லை. நீங்களும் ஜெனுஷாவும் முருங்கனில் நோய் நொடியில்லாமல் இருக்க மடு மாதாவை மன்றாடுகிறேன்.

கடிதத்தைக் கண்டதும் என்னவோ ஏதோ என்று பயப்பட வேண்டாம். போனில் நீங்கள் மூன்று சொல்லுக்கு மேல் கதைப்பதில்லை. "ஓம்", "சரி", "பிறகு பாப்பம்", அவ்வளவுதான். அதுவும் இந்த மூன்று நான்கு மாதமாக இன்னும் மோசம். கிணற்றுக்குள் கதைப்பதுபோல நானே கதைத்து நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நீங்கள் இடையில் துண்டிக்க முடியாது.

முதலில் பத்திரங்கள். எங்கள் விவாகப் பதிவையும் பிள்ளையின் பிறப்புப் பதிவையும் கொழும்பில் மொழிபெயர்த்து, முத்திரை குத்தி அனுப்பச் சொல்லிக் கார்த்திகை மாதத்திலிருந்து கேட்கிறேன். வருகிற புரட்டாதியில் ஜெனுஷாவுக்குப் பதினேழு முடிகிறது. பதினெட்டானால் அவளை என் பிள்ளை என்று சொல்லி இங்கே கூப்பிட முடியாது. எட்டு வருடம் இந்த ஊரில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது எதற்கு? இப்போது நல்ல வேலை ஒப்பந்தம் இருக்கிறது, இங்கே இருப்பதற்கான பெர்மெஸ்ஸோ இருக்கிறது, பல்லரோச் சந்தைக்கு மேலே ஒரு வீடும் மாக்கிரட் அக்கா பேசி வைத்திருக்கிறா. என் பக்கத்தில் எல்லாம் தயார். உங்கள் பக்கத்தில் இரண்டு கடதாசி வரவில்லை. ரயில்வே வேலையை விட்டுவிட்டு வர மனமில்லை என்றால் அதையாவது வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாமல் இழுத்தடிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிள்ளைக்குப் பரீட்சை கிட்டுகிறது. முட்டையும் பாலும் கொடுங்கள். அவள் வேண்டாம் என்பாள், கொடுங்கள்.

நான் வேலை செய்கிற வீட்டில் இப்போது ஒரு புதுத் தொல்லை முளைத்திருக்கிறது. ஒரு பாட்டு. சிரிக்க வேண்டாம், உங்கள் தொழிலோடு சம்பந்தப்பட்ட பாட்டு என்பதால்தான் எழுதுகிறேன்.

நான் பராமரிக்கிற சிஞ்ஞோரா, அதாவது வீட்டு அம்மா, நுன்சியாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். தொண்ணூற்றிரண்டு வயது, கலியாணம் கட்டாதவ, லிபெர்த்தாத் தெருவில் நாலாம் மாடி. அவவுடைய தம்பி மகன் கொர்ராடோ, ஓய்வுபெற்ற வழக்கறிஞர், அவர்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. என் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்ததும் அவர்தான். சிஞ்ஞோராவின் தகப்பனார் சல்வத்தோரே. அவரை வீட்டில் தூரி என்று கூப்பிடுவார்களாம். நூறு வருடத்துக்கு முந்தி அவர் இங்கிருந்து கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய், லூசியானா என்ற இடத்தில் ரயில் பாதை போடுகிற வேலை செய்தவர். இரண்டு வருடத்துக்குள் திரும்பி வந்துவிட்டார்.

அமெரிக்காவில் ரயில் பாதைக்காரர் பாடுகிற பழைய பாட்டு ஒன்று இருக்கிறதாம். கட்டியவர் யாரென்று யாருக்கும் தெரியாதாம். "ஆறே, இன்றைக்கு ஏறாதே, எங்கள் பாதை இன்னும் நேராகவில்லை" என்று போகிறது. ஒவ்வொரு அடியும் முடிகிற இடத்தில் "தூரி" என்று ஒரு சொல் வரும். அது சும்மா தாளத்துக்குப் போட்ட சொல் என்றுதான் அங்கே எல்லாரும் நினைத்திருந்தார்களாம். கொர்ராடோ போன வருடம் அதைக் கேட்டுவிட்டுத் துள்ளிக் குதித்திருக்கிறார். ஏனென்றால் அந்த மெட்டை அவருடைய அத்தை, என் சிஞ்ஞோரா, சின்ன வயதிலிருந்தே வாய்க்குள் முணுமுணுக்கிறவ. ஆகவே தூரி என்பது தன் பாட்டனாரின் பெயர், பாட்டைக் கட்டியவர் தன் பாட்டனார், அமெரிக்காக்காரர் பாடுவது பலெர்மோக்காரனின் பாட்டு! புத்தகம் எழுதுகிறார். வைகாசியில் மண்டபம் எடுத்து விழா வைக்கப் போகிறார். அமெரிக்காவிலிருந்து ஆராய்ச்சிக்காரர் வரப்போகிறார்களாம்.

இப்போது கிழமைக்கு மூன்று நாள் வந்து அந்தப் பாட்டை ஒலிபெருக்கியில் போடுகிறார். பாட்டுக்காரி ஒருத்தியையும் வயலின்காரனையும் பிடித்து, தாலாட்டுப்போல இழுத்து இழுத்துப் பாடவைத்திருக்கிறார். "தூரி" வருகிற இடத்துக்குப் பிறகு ஒரு இடைவெளி வர வேண்டும், அத்தான். அவர் கொண்டுவந்த பழைய ஒலிப்பதிவில் அது இருக்கிறது. இந்தப் பெண் அந்த இடைவெளியையும் விடாமல் குரலை இழுத்து நிரப்புகிறாள். நான் துணி அழுத்திக்கொண்டு நின்றவள் கேட்டதும் கையை நிறுத்திவிட்டேன். நீங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் சாப்பாடு கொண்டுவந்து பாதையோரம் நின்றிருக்கிறேன். உங்கள் குழுவுக்குப் பவுல் அண்ணை பாட்டாகக் கூப்பிட்டுச் சொல்வார், சொல்லி முடித்து மூச்சு விடுகிற அந்த இடத்தில்தான் நீங்கள் ஏழெட்டுப் பேரும் அலவாங்குக் கம்பியைப் போட்டு நெம்பித் தெண்டுவீர்கள், தண்டவாளம் ஒரு விரல் நகரும். இந்தப் பாட்டும் அதேதான். வாய் சும்மா இருக்கிற இடத்தில்தான் வேலை நடக்கிறது.

எனக்குத் தெரிந்த இத்தாலியனில் அதைக் கொர்ராடோவிடம் சொன்னேன். என் புருசன் ரயில் பாதையில் வேலை செய்கிறவர் என்றும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீ மருந்தைப் பார், இசையை நாங்கள் பார்க்கிறோம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தார்.

அவர் போன பிறகு சிஞ்ஞோராவுக்குத் தலை துடைத்துவிட்டேன். துவாய்க்குள் இருந்தபடியே அவ சொன்னா: "அப்பா அந்தப் பாட்டைக் கட்டேல்லை. அப்பா பிந்தினவர்." அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டா.

பவுல் அண்ணையிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். பாடிச் சொல்கிறபோது ஆளின் பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவது உண்டா? எதற்காகக் கூப்பிடுவது? அவருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பத்திரத்தை மறக்க வேண்டாம். ஆண்டவர் உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மனைவி
செலஸ்ரீனா


பலெர்மோ
10.04.2025, வியாழக்கிழமை

அன்பின் அத்தானுக்கு,

தவசு காலத்தில் கோபத்தோடு பேனா எடுக்கக் கூடாது என்று சுவாமி போன ஞாயிறு பிரசங்கம் வைத்தார். ஆனாலும் எடுத்திருக்கிறேன்.

என் கடிதம் கிடைத்தது என்று ஜெனுஷா சொன்னாள். உங்களிடமிருந்து வந்தது ஒரு குறுஞ்செய்தி: "வேலை கூட. பிறகு கதைப்பம்." பவுல் அண்ணையிடம் கேட்டீர்களா என்றேன், அதற்கும் பதில் இல்லை. பத்திரம் பற்றிக் கேட்டேன், போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டீர்கள். அவளும் இப்போதெல்லாம் உங்களைப்போலவே பாதிச் சொல்லை விழுங்குகிறாள். பரீட்சை எப்படி என்றால், "பரவாயில்லை அம்மா, வைக்கட்டா?" என்கிறாள். நான் அங்கே என்ன, யாரோ தெரியாத மனிசியா?

இங்கே என் வியாழக்கிழமைப் பின்னேர ஓய்வில் மாக்கிரட் அக்காவின் குசினியில் இருந்து எழுதுகிறேன். கீழே பல்லரோவில் மீன்காரர் போடுகிற சத்தத்தில் தலை வெடிக்கிறது. அக்கா கணவாய் கழுவிக்கொண்டு, "எழுதி என்ன பலன், ஆம்பிளையள் வாசிக்க மாட்டினம்" என்கிறா. நீங்கள் வாசிப்பீர்கள் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்க வேண்டாம்.

சிஞ்ஞோரா முழுக் கதையையும் சொல்லிவிட்டா. ஒரே நாளில் அல்ல, நாலைந்து நாளாக, பால் குடிக்கிறபோது கொஞ்சம், கால் பிடித்துவிடுகிறபோது கொஞ்சம். நான் கோர்த்து எழுதுகிறேன்.

தூரிக்கு அப்போது இருபது வயது. இங்கிலிசில் ஒரு சொல்லும் தெரியாது. அவருடைய குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் கறுப்பு மனிதர்கள். கூப்பிட்டுச் சொல்கிறவரின் பெயர் யோபு. நம்முடைய வேதத்தில் வருகிற அதே பெயர். யோபு கையில் அலவாங்கு வைத்திருப்பதில்லையாம். தண்டவாளத்தின் தலைப்பில் குந்தி, ஒரு கண்ணை மூடிக் கோணலைப் பார்த்து, எங்கே எவ்வளவு தள்ள வேண்டும் என்று பாட்டாகச் சொல்வாராம். பாட்டு அவருடையது. தினம் ஒரு அடி புதிதாகச் சேர்ப்பார். எல்லாருக்கும் சொல் விளங்கும், தூரிக்கு விளங்காது. எப்போது தெண்டுவது என்று தெரியாமல் முழித்து, ஒவ்வொரு முறையும் பிந்துவார். மற்ற ஆட்கள் ஏசினார்கள். யோபு ஏசவில்லை. அடியின் கடைசியில் தூரியின் பெயரைப் போட்டார். பெயர் கேட்டதும் தெண்டு, அவ்வளவுதான். அந்தப் பாட்டு முழுவதிலும் அந்த மனிதனுக்கு விளங்கிய சொல் அது ஒன்றே ஒன்று.

இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, அத்தான். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கு விளங்கிய இத்தாலியனும் என் பெயர் மட்டும்தானே.

பிறகு மாரி வந்திருக்கிறது. ஆறு பெருகிக்கொண்டு வந்ததாம். அணைக்கட்டு மேலே பாதையை அவசரமாக நிமிர்த்தச் சொல்லி மேலதிகாரி நின்றானாம். அன்றைக்கு யோபு பாட, எல்லாரும் தெண்ட, தூரி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். பெயர் கேட்டது, ஆனால் பிந்திவிட்டார். ஒரு ஆள் பிந்தினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தண்டவாளம் உருண்டு திரும்பி, குந்தியிருந்த யோபுவின் இரண்டு கால் மேலும் விழுந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மற்றவர்கள் யோபுவைத் தூக்கிக்கொண்டு ஓட, இந்த மனிதன் அலவாங்கைப் போட்டுவிட்டு எதிர்ப்பக்கமாக நடந்தார். அன்றைக்கே துறைமுகத்துக்குப் போய், கிடைத்த கப்பலில் ஏறிவிட்டார். யோபு பிழைத்தாரா, இல்லையா? தெரியாது. அவர் சாகும்வரைக்கும் அதை விசாரிக்கவில்லை. "ஒரு கடிதம் போட்டிருக்கலாம். போடேல்லை. பாடிக்கொண்டே இருந்தவர்," என்று சிஞ்ஞோரா சொன்னா. பாட்டு மட்டும் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போய், அமெரிக்கா முழுக்கப் பரவி, அந்தப் பெயரையும் தன்னோடு கொண்டு திரிந்திருக்கிறது. கட்டியவனின் பெயர் அதில் இல்லை. பிந்தியவனின் பெயர் இருக்கிறது.

அப்படி ஒரு மனிதனை நான் மன்னிக்க மாட்டேன். கை தவறுவது யாருக்கும் நடக்கும். ஆனால் போய் எட்டியும் பார்க்காமல், ஒரு வார்த்தை கேட்காமல் இருந்துவிடுகிறவன் என்ன மனிதன்? அப்படிப்பட்டவனோடு ஒரு நாள்கூட நான் குடும்பம் நடத்தியிருக்க மாட்டேன்.

கொர்ராடோவிடம் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "அத்தைக்கு நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டது என்றே தெரியாது. அவவின் மண்டைக்குள் நீ எதையும் ஏற்ற வேண்டாம்" என்றார். சிஞ்ஞோரா நேற்று மத்தியானம் அவரைக்காய்ச் சூப் குடித்தா. நான் கேட்டேன், சரியாகச் சொன்னா. ஆனாலும் யார் கேட்கப் போகிறார்கள்? அவ சொல்கிறதை ஒலிப்பதிவு செய்யும்படி அவரிடம் கெஞ்சினேன், மறுத்துவிட்டார். அதனால் சிஞ்ஞோராவிடம் கேட்டுவிட்டு என் போனில் நானே பதிந்து வைத்திருக்கிறேன்.

விழா வைகாசி பத்தாம் திகதி. சிஞ்ஞோராவைச் சோடித்து, முன் வரிசையில் கொண்டுவந்து வைப்பது என் வேலை. வாயைத் திறக்காமல் இருப்பதும் என் வேலையாம், அதையும் சொல்லிவிட்டார். உங்களையும் பிள்ளையையும் நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கப் போகிறேன்.

உயிர்த்த ஞாயிறுக்குப் பிள்ளைக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுங்கள். உங்களுக்கும் எடுங்கள். ஆண்டவரின் சமாதானம் எங்கள் வீட்டில் இருப்பதாக.

இப்படிக்கு,
பதிலை எதிர்பார்க்கும்
செலஸ்ரீனா


பலெர்மோ
16.06.2025, திங்கட்கிழமை

அன்பான அத்தான்,

ஒரு மாதமாக நான் உங்களிடம் ஒன்றை மறைத்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். "வேலை மாறிவிட்டது, மொண்டெல்லோவில் கடற்கரைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை" என்று சொன்னேன் அல்லவா? நானாக மாறவில்லை. என்னை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கடையில் இப்போது செய்வது பாத்திரம் கழுவுகிற வேலை, கோடை முடிகிற வரைக்கும்தான். பெர்மெஸ்ஸோவுக்கு உடனே ஆபத்து இல்லை, வேலை தேட அவகாசம் உண்டு என்று மாக்கிரட் அக்கா கூட்டிக்கொண்டு போன இடத்தில் சொன்னார்கள். ஆனால் உங்களை அழைக்கக் காட்ட வேண்டிய நிரந்தர ஒப்பந்தம் இப்போது என்னிடம் இல்லை. உங்களை இரண்டு பத்திரத்துக்காக இவ்வளவு ஏசியவள், என் பக்கத்தையும் நானே உடைத்துப்போட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். விழா நாளில் சிஞ்ஞோராவுக்கு நீலச் சட்டை போட்டு, தலை வாரி, சக்கர நாற்காலியில் முன் வரிசையில் வைத்தேன். பக்கத்தில் நான். அமெரிக்காவிலிருந்து லொரெயின் என்ற பெண்மணி வந்திருந்தா, ஐம்பது வயது இருக்கும், கறுப்பினத்தவ. தொழிலாளர் பாட்டுகளின் பூர்வீகம் தேடுவது அவவுடைய வேலை. கொர்ராடோ மேடையில் ஏறி முக்கால் மணித்தியாலம் பாட்டனாரைப் புகழ்ந்தார். பிறகு அந்தப் பெண் பாடத் தொடங்கினாள். "தூரி" என்று அவள் குரலை இழுத்த இடத்தில் சிஞ்ஞோரா நாற்காலியின் கையில் ஓங்கி அடித்து, "தூரி, இப்ப!" என்று கத்தினா. அடுத்த அடியிலும் அடித்தா. எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்து, கை தட்டினார்கள். கொர்ராடோ, "பாட்டைக் கட்டியவரின் மகள், இன்றும் தாளம் தப்பாமல்!" என்று கையை நீட்டிக் காட்டினார். இன்னும் கூடக் கை தட்டினார்கள்.

சிஞ்ஞோரா என்னைத் திரும்பிப் பார்த்தா. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிள்ளை ஒன்று பலமுறை சொல்லியும் யாரும் நம்பாவிட்டால் எப்படிப் பார்க்கும், அப்படி.

நான் எழும்பிவிட்டேன். எழும்ப வேண்டும் என்று நினைத்து எழும்பவில்லை, கால் தானாக எழும்பியது. இத்தாலியனில் வினைச்சொல் எல்லாம் தாறுமாறாக வந்தது. "அந்த இடத்தில் பாட வேண்டாம், அது தெண்டுகிற இடம். பாட்டைக் கட்டியது யோபு. இவவின் தகப்பன் பிந்தினவர், யோபுவின் கால் நசிந்தது, இவவே சொன்னவ" என்று சொன்னேன். பின்னாலிருந்து யாரோ என்னைப் பார்த்து, "இருங்கள் அம்மா" என்றார்கள். கொர்ராடோ ஒலிவாங்கியில், "பாவம், களைத்துப் போயிருக்கிறா" என்றார். என்னைத்தான் சொன்னார். திரும்பவும் சிரித்தார்கள். பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. நான் இருந்துவிட்டேன். அவ்வளவுதான் என் வீரம்.

முடிந்ததும் லொரெயின் என்னிடம் வந்து, மொழிபெயர்க்க ஒரு பெண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யோபு பற்றி இன்னொருமுறை சொல்லச் சொன்னா. போனில் பதிந்தது இருக்கிறது என்றேன். குனிந்து சிஞ்ஞோராவிடம், "கொடுக்கட்டுமா?" என்று கேட்டேன். "குடு. அதுக்குத்தானே உனக்குச் சொன்னனான்" என்றா. அங்கேயே அனுப்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை கொர்ராடோ என்னை நிறுத்துகிற கடிதத்தோடு வந்தார். வெளிக்கிடும்போது சிஞ்ஞோரா என் கையை விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டி இருந்தது. இப்போது அந்த வீட்டு மணியை அடித்தாலும் கதவு திறப்பதில்லை.

புத்தகம் போன கிழமை வந்துவிட்டது. மாக்கிரட் அக்காவின் மகன் டெனிஸ்டன் கடையில் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தான். பாட்டைக் கட்டியவர் தூரி என்றுதான் இருக்கிறது. அடியில் சின்ன எழுத்தில், "வீட்டுப் பணியாளர் ஒருவர் வேறு விதமாகவும் சொல்கிறார்" என்று ஒரு வரி. யோபுவின் பெயர் எங்கும் இல்லை. லொரெயின் எழுதியிருக்கிறா, சிஞ்ஞோராவின் குரலைத் தங்கள் காப்பகத்தில் சேர்த்துவிட்டாவாம், அந்தக் காலத்து வேலையாள் பதிவுகளில் யோபு என்று இரண்டு பேர் இருக்கிறார்களாம், தேடிக்கொண்டிருக்கிறாவாம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இதற்காகவா என் பிள்ளையின் வாழ்க்கையைப் பணயம் வைத்தேன் என்று பாத்திரம் கழுவுகிற ஒவ்வொரு நாளும் என்னை நானே ஏசிக்கொண்டிருந்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை ஜெனுஷா போன் எடுத்தாள். நீங்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து எடுத்திருக்கிறாள். அவளை ஏச வேண்டாம். உங்களிடம் சத்தியம் பண்ணிக் கொடுத்ததை ஏழு மாதம் காப்பாற்றியவள்.

"அம்மா, உங்கடை ரெண்டாவது கடிதத்தை வாசிச்ச நாளிலை இருந்து அப்பா ஒழுங்காச் சாப்பிடுறேல்லை. வேலைக்குப் போறார், வாறார், சுவரைப் பாத்துக்கொண்டு படுக்கிறார்" என்றாள். நான் என்ன அப்படி எழுதினேன் என்று கேட்டேன். அவள் அழுதுகொண்டு சொன்னாள்.

கார்த்திகை மழைக்குள், செட்டிகுளத்துக்கு எங்கள் ஊர்ப் பக்கம், பாதை அரித்துப்போன இடத்தில் நீங்கள் எல்லாரும் தெண்டிக்கொண்டு நின்றீர்களாம். பவுல் அண்ணை கூப்பிட்டாராம். உங்கள் அலவாங்கு சேற்றில் வழுக்கிப் பிந்திவிட்டதாம். தண்டவாளம் விழுந்து நசிந்து, பவுல் அண்ணைக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்களாம். வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் மழையால் நடந்தது என்று எழுதிவிட்டாராம், ஒருவரும் உங்களைக் கேட்கவில்லையாம். பிள்ளையிடம் நீங்கள் சொன்ன வார்த்தையை அவள் அப்படியே சொன்னாள்: "அம்மா எழுதினது என்னைப் பற்றித்தான் பிள்ளை. நானும் பிந்தினனான். நானும் போய்ப் பாக்கேல்லை."

அத்தான், நான் நேற்று முழுக்க ஒரு வேலையும் செய்யவில்லை. இரண்டு கடிதத்திலும் பவுல் அண்ணை, பவுல் அண்ணை என்று எழுதியிருக்கிறேனே. அந்த மாதத்திலிருந்துதான் நீங்கள் கதைக்காமல் போனீர்கள். நான் அதை என்னென்னவோ என்று நினைத்தேன். அங்கே வேறு யாரும் இருக்கிறார்களோ என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். அதையும் மன்னித்துக்கொள்ளுங்கள்.

பத்திரம் ஏன் வரவில்லை என்பதும் இப்போது எனக்கு விளங்குகிறது. பவுல் அண்ணையை அப்படிக் கிடத்திவிட்டு நீங்கள் விமானம் ஏறினால் தூரி கப்பல் ஏறியதுபோல ஆகிவிடும். அதனால்தானே? ஏறு, ஏறு என்று இங்கிருந்து உங்களைத் துரத்தியவள் நான். பத்திரத்தை இப்போதைக்கு விடுங்கள். அதை நான் இனிக் கேட்க மாட்டேன், நீங்களாகச் சொல்கிற வரைக்கும். பிள்ளைக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. மாக்கிரட் அக்கா லிபெர்த்தாவில் இன்னும் இரண்டு வீடுகளில் சொல்லி வைத்திருக்கிறா.

அப்படிப்பட்டவனோடு குடும்பம் நடத்தியிருக்க மாட்டேன் என்று அந்த இரண்டாவது கடிதத்தில் எழுதியது உங்களை நினைத்து அல்ல. ஆனால் எழுதிவிட்டேன், நீங்களும் வாசித்துவிட்டீர்கள். அதைத் திருப்பி எடுக்க வழி தெரியவில்லை. தூரியையும் இப்போது என்னால் முன்னைப்போல ஏச முடியவில்லை. அவர் மனம் கல் என்றுதான் நினைத்தேன். பயத்தில் போயிருக்கிறார். ஒரு நாள் பிந்தினால் மறுநாள் போக வெட்கம், ஒரு மாதம் பிந்தினால் இன்னும் வெட்கம், பிறகு அறுபது வருடம் போய்விட்டது. சிஞ்ஞோரா சொன்னா, தகப்பன் சாகக் கிடந்தபோது வேறு ஒன்றும் கேட்கவில்லையாம், "யோபு எழும்பி நடந்திருப்பானோ?" என்று மட்டும் கேட்டாராம். பதில் சொல்ல அந்த அறையில் யார் இருந்தார்கள்?

உங்களுக்கு ஏழு மாதம்தான் ஆகிறது. பவுல் அண்ணை செத்துப்போகவில்லை. கடலுக்கு அப்பால் இல்லை. முருங்கனுக்கும் அவர் இருக்கிற செட்டிகுளத்துக்கும் நடுவில் மடு றோட் ஸ்டேசன் ஒன்றுதான் இருக்கிறது. ஆடி இரண்டாம் திகதி மடுத் திருநாளுக்கு முதல் பாதை பார்க்க நீங்கள் எப்படியும் அந்தப் பக்கம் போவீர்கள். வேலை முடிய அங்கேயே இறங்குங்கள். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போக வேண்டாம், யோசித்தால் திரும்பிவிடுவீர்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாம். அவர் ஏசினால் கேட்டுக்கொண்டு இருங்கள். அவருடைய மனிசி இராசேஸ்வரி அக்கா கதவைச் சாத்தினால் வாசலில் நில்லுங்கள். அன்றைக்குத் திறக்காவிட்டால் மறுநாளும் போங்கள்.

உங்களுக்காக இந்த ஊரில் மெழுகுதிரி கொளுத்துவதோடு என் வேலை முடிந்துவிடுகிறது. உங்கள் கூடவே அந்தப் படியில் வந்து நிற்க முடியாமல் இவ்வளவு தூரத்தில் இருக்கிறேனே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

போங்கள் அத்தான். மாதா உங்களுக்கு முன்னால் நடந்து போவாளாக.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
செலஸ்ரீனா